விழும் பொருளுக்குத் தெரியாதது

2023 ஆகஸ்ட் 23, மாலை 5.44. பெங்களூரு பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, நிலவில் இறங்கவிருந்த சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டருக்குக் கடைசிப் பெரிய உத்தரவு போய்ச் சேர்ந்தது. தானாகத் தரையிறங்கும் பணியை அந்தக் கலமே தொடங்கலாம் என்பதுதான் உத்தரவு. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது நிமிடம், அந்த அறையில் இருந்த விஞ்ஞானிகளால் திரையில் ஓடும் இரண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. ஒன்று உயரம், இன்னொன்று வேகம். விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்? பெங்களூரிலிருந்தே ஓட்டி இறக்கியிருக்கலாமே என்று அன்று தொலைக்காட்சி பார்த்த பலருக்கும் தோன்றியிருக்கும். காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. நிலவு இருப்பது சராசரியாக 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில். ரேடியோ அலை அங்கிருந்து இங்கு வர 1.3 வினாடி, பதில் அங்கு போக இன்னொரு 1.3 வினாடி. ஆக 2.6 வினாடி. நிலவில் ஒரு பொருளைச் சும்மா கையிலிருந்து விட்டால், அந்த 2.6 வினாடிக்குள் ஐந்தரை மீட்டர் கீழே போய்விடும். வேகம் வினாடிக்கு 4.2 மீட்டர் ஆகிவிடும். விக்ரமின் கால்கள் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தைத்தான். தரைக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றுபோனால், அந்தச் செய்தி பீன்யாவுக்கு வந்து பதில் திரும்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

செங்குத்தாக ஏறி இறங்கும் பொருளின் இயற்பியல் இவ்வளவுதான் என்று பள்ளியில் மூன்று சமன்பாடுகளோடு நிறுத்திவிடுகிறோம். அந்தச் சமன்பாடுகள் எளியவைதான். ஆனால் அவற்றை நம்பி ஒரு கலத்தை இறக்கப் போகும்போது, இயற்கை ஒளித்து வைத்திருக்கும் ஒரு விஷயம் எதிரே வந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் எளிய பகுதி. பெங்களூரில் ஒரு பொருளை விட்டால், ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 9.78 மீட்டர் கூடிக்கொண்டே போகும். பாடப்புத்தகத்தில் 9.8 என்று இருக்கும். பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுப்பகுதியில் சற்றுப் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களில் இழுவை கொஞ்சம் குறைவு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிடவும் துளி குறைவு. மூன்றாவது தசம இடத்தில்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

வேகம் சீராகக் கூடுவதால், கடக்கும் தூரம் ஒரு அழகான ஒழுங்கில் வளர்கிறது. முதல் வினாடியில் 4.9 மீட்டர், இரண்டாவது வினாடியில் அதைப்போல் மூன்று மடங்கு, மூன்றாவதில் ஐந்து மடங்கு, அடுத்ததில் ஏழு. ஒற்றைப்படை எண்களின் இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. வினாடிமுள் உள்ள கடிகாரம் இல்லாத காலத்தில், சாய்பலகையில் உருண்டைகளை உருட்டிவிட்டு, சொட்டும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்து இதைப் பிடித்தார். விழும் வேகத்தை நேரடியாக அளக்க முடியாது என்று தெரிந்ததும், சரிவில் உருட்டி அதன் வேகத்தைத் தணித்துக்கொண்டாரே, அந்த யோசனைக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

பத்து மீட்டர் உயரத் தென்னையிலிருந்து ஒரு காய் விழுந்தால் 1.4 வினாடியில் தரைக்கு வரும். அப்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பத்தாவது மாடிப் பால்கனியின் கைப்பிடிச் சுவரில் வைத்த பூந்தொட்டி, 30 மீட்டர் கீழே வர இரண்டரை வினாடி போதும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். மேலிருந்து ஒருவர் கத்தி, கீழே நடப்பவர் அண்ணாந்து பார்த்து, ஒதுங்கி ஓட இரண்டரை வினாடி போதாது. ஒயிட்ஃபீல்டிலோ ஓ.எம்.ஆரிலோ அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் தொட்டிகளைச் சுவருக்கு உட்புறம் தரையில் இறக்கி வையுங்கள். இந்தப் பாடத்தில் நேரடியாக உயிர் காக்கும் பகுதி இதுதான்.

இனி, மேலே எறிந்த பொருள். பந்தை நேர்மேலாக வினாடிக்கு 9.78 மீட்டர் வேகத்தில் எறிந்தால், சரியாக ஒரு வினாடியில் அதன் வேகம் பூஜ்யமாகிறது. அடுத்த ஒரு வினாடியில் கைக்குத் திரும்புகிறது, புறப்பட்ட அதே வேகத்தோடு. ஏறும்போது எந்த உயரத்தில் என்ன வேகம் இருந்ததோ, இறங்கும்போதும் அந்த உயரத்தில் அதே வேகம்தான். திசை மட்டும் வேறு.

உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் மாணவர்களிலேயே பலர் பூஜ்யம் என்கிறார்கள். வேகம் பூஜ்யம் என்பது சரி. முடுக்கமும் பூஜ்யமாகிவிட்டால் என்ன ஆகும்? வேகத்தை மாற்ற எதுவும் இருக்காது, பந்து அங்கேயே அந்தரத்தில் நின்றுவிடும். அது நிற்காமல் திரும்புகிறதே, அதுதான் உச்சியிலும் 9.78 குறையாமல் இருக்கிறது என்பதற்குச் சான்று. பூமி பந்தைப் பிடித்து இழுப்பதை ஒரு கணமும் நிறுத்துவதில்லை. ஏறும்போதும், திரும்பும்போதும், விழும்போதும் ஒரே இழுவை.

காற்று இருந்தால் இந்த ஒழுங்கு கலையும். ஒரு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து தடையில்லாமல் விழுந்தால், மழைத்துளி வினாடிக்கு 140 மீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்க வேண்டும். மணிக்கு 500 கிலோமீட்டர்! மே மாதத்துக் கோடைமழையில் பெங்களூரில் விழும் பெரிய துளிகள்கூட வினாடிக்கு 9 மீட்டரைத் தாண்டுவதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடி, ஒரு கட்டத்தில் துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் வேகம் ஏறாது. பாராசூட்டின் அடிப்படையும் அதுவே.

நிலவில் இந்தத் தயவு கிடையாது. காற்று இல்லை, ஆகவே பாராசூட் இல்லை. 1971 ஆகஸ்ட் 2-ல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலையும் இன்னொரு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே மண்ணைத் தொட்டன. நெஞ்சுயரத்திலிருந்து விழ ஒன்றரை வினாடி அளவு ஆனது, ஏனென்றால் நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62-தான், நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. மெதுவாக விழும் என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 800 மீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கும் லேண்டரின் இஞ்சின்களை அணைத்துவிட்டால், 31 வினாடியில் அது மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும்.

இப்போது அந்த ஒளிந்திருக்கும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருக்கும் மொபைலிலேயே அதைப் பார்த்துவிடலாம். எல்லா ஸ்மார்ட்போனிலும் அரிசிமணியைவிடச் சிறிய முடுக்கமானி ஒன்று இருக்கிறது. போனைத் திருப்பினால் திரை திரும்புவது அதனால்தான். ஃபைஃபாக்ஸ் போன்ற இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, முடுக்கமானியின் வரைபடத்தை ஓடவிடுங்கள். போனை மேசைமேல் அசையாமல் வைத்தால் என்ன காட்டும்? பூஜ்யம் இல்லை, 9.8-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். இப்போது கட்டிலில் இரண்டு தலையணைகளைப் போட்டு, ஒரு மீட்டர் மேலிருந்து போனை நழுவவிடுங்கள். கோடு சடாரென்று பூஜ்யத்துக்கு இறங்கி, அரை வினாடிக்கும் குறைவாக அங்கேயே கிடந்து, தலையணையில் பட்டதும் ஈட்டிபோல மேலே பாயும்.

அசையாமல் இருக்கும்போது 9.8, விழுந்துகொண்டிருக்கும்போது பூஜ்யம். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். முடுக்கமானி ஈர்ப்பை உணர்வதில்லை. தன்னைத் தொட்டுத் தள்ளுவது எதுவோ அதை மட்டுமே உணர்கிறது. மேசை போனை மேல்நோக்கித் தாங்குகிறது, அந்தத் தாங்கல்தான் 9.8. கையை விட்டதும் தாங்குவார் இல்லை, ஆகவே பூஜ்யம். ஈர்ப்பு போனின் ஒவ்வொரு அணுவையும் ஒரே அளவில் இழுப்பதால், உள்ளே இருக்கும் எந்தப் பாகமும் இன்னொரு பாகத்தின்மேல் அழுத்துவதில்லை. உணர்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. நமக்கும் இதே கதைதான். நாம் எடை என்று உணர்வது பூமியின் இழுவையை அல்ல, தரை நம் பாதத்தைத் தள்ளுவதை. லிஃப்ட் கீழே கிளம்பும் கணத்தில் உடல் லேசாவது, தரை தள்ளுவது சற்றுக் குறைவதால்.

இன்னும் ஒரு படி போங்கள். போனைக் கட்டிலுக்குமேல் நேராகத் தூக்கிப் போட்டு, கையிலேயே பிடியுங்கள். கையைவிட்டுக் கிளம்பிய கணத்திலிருந்து கைக்குத் திரும்பும்வரை வரைபடம் பூஜ்யத்தையே காட்டும். எப்போது ஏறியது, எந்தக் கணம் உச்சி, எப்போது இறங்கத் தொடங்கியது என்பதற்கு அந்தக் கோட்டில் ஓர் அடையாளமும் இருக்காது. வெளியே நின்று பார்க்கும் உங்களுக்குத்தான் உச்சி தெரிகிறது, போனுக்குத் தெரிவதில்லை. 1907-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு, விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் வந்தது. பொதுச் சார்பியல் கோட்பாட்டுக்கு அவரை இட்டுச்சென்ற முதல் படி அதுவே.

தத்துவமாக இது பெரிய அழகு. நிலவில் இறங்கப்போகும் கலத்துக்கு இதுவே பெரிய சங்கடம். தான் எவ்வளவு வேகமாக விழுகிறோம் என்பதை உள்ளேயிருக்கும் கருவியால் நேரடியாக உணர முடியாது. இஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்பதை மட்டும் முடுக்கமானி சொல்லும். நிலவின் இழுவையைக் கணினிதான் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டையும் கூட்டி, கணத்துக்குக் கணம் சேர்த்துக்கொண்டே வந்தால் வேகம் கிடைக்கும், வேகத்தைச் சேர்த்தால் இடம் கிடைக்கும். வழிகாட்ட அங்கே ஜி.பி.எஸ். கிடையாது.

சேர்த்துக்கொண்டே போவதில் பிழையும் சேரும். விக்ரம் 30 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 1.68 கிலோமீட்டர் கிடைவேகத்தில் இறக்கத்தைத் தொடங்கியது. முதல் கட்ட வேகக்குறைப்புக்கு மட்டும் திட்டமிட்ட நேரம் 690 வினாடி. ஒரு பேச்சுக்கு, முடுக்கத்தில் வெறும் 0.01 அளவுக்குத் தவறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. 690 வினாடியில் வேகத்தின் பிழை வினாடிக்கு 7 மீட்டர் ஆகிவிடும். இடத்தின் பிழை நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் 2.4 கிலோமீட்டரை எட்டும். கலிலியோவின் ஒற்றைப்படை எண் வரிசையேதான் இங்கே பிழையின் வடிவில் வருகிறது. முதலில் எளிய சூத்திரமாகத் தெரிந்தது, இப்போது உயரம் எவ்வளவு மிச்சம் என்றே தெரியாத நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-ன் லேண்டர் நிலவில் மோதி உடைந்ததில் இந்தப் பிழைச் சேர்க்கைக்கும் பங்குண்டு. பின்னர் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் விளக்கியபடி, ஐந்து இஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. அந்தச் சமயத்தில் கேமராக்கள் படம் எடுப்பதற்காகக் கலம் ஒரே நிலையில் இருக்க வேண்டியிருந்ததால், வழியிலேயே திருத்த முடியவில்லை. தவறுகள் மூட்டையாகச் சேர்ந்தன. திருத்தத் தொடங்கியபோது கலம் வெகு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, அதற்கோ மென்பொருள் வரம்பு வைத்திருந்தது. போய்ச் சேர வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாக இருந்தது. தரையிலிருந்து 2.1 கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாக இருந்ததாகவும், அதன்பின் தொடர்பு அறுந்ததாகவும் அன்றைய தலைவர் சிவன் தழுதழுத்த குரலில் அறிவித்ததை நாம் மறக்கவில்லை. உடைந்த பாகங்கள் கிடந்த இடத்தை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் இரவுகளில் உட்கார்ந்து பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த அந்த உழைப்பை நாசா 2019 டிசம்பரில் பெயர் சொல்லி அங்கீகரித்தது.

சந்திரயான்-3-ல் செய்த மாற்றங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வேகத்தைக் கணக்கிட்டு அறிவதோடு நிற்காமல் நேரடியாக அளக்கவும் ஏற்பாடு செய்ததுதான். லேசர் டாப்ளர் வேகமானி என்ற கருவி புதிதாகச் சேர்க்கப்பட்டது. இஸ்ட்ராக்கைப் போலவே பீன்யாவில் இயங்கும் இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம் அதை உருவாக்கியது. லேசர் கதிரைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அது பார்க்கிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையை நெருங்கினால், ஒளியின் அதிர்வெண் ஐந்து கோடியில் ஒரு பங்குதான் மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்து மூன்று திசைகளிலும் வேகத்தைச் சொல்ல வேண்டும். வெளியே இருக்கும் தரையைப் பார்த்தால்தான் விழும் பொருள் தன் வேகத்தை நேரடியாக அளக்கமுடியும், வேறு வழியே இல்லை. இத்துடன் உயரமானிகளும் கேமராக்களும் இருந்தன. இறங்கும் பரப்பும் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிவாக்கப்பட்டது.

கிடைவேகம் தீர்ந்த பிறகு வருவதுதான் உண்மையான செங்குத்து இறக்கம். 800 மீட்டர் அளவில் வேகத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்கி, அங்கிருந்து நிதானமாக 150 மீட்டருக்கு வந்து, அங்கே சுமார் 22 வினாடி அந்தரத்தில் நின்று கீழே பள்ளமோ பாறையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவது திட்டம். அந்தரத்தில் நிற்பது ஓய்வு அல்ல. உச்சியில் இருக்கும் பந்தைப் போலவே வேகம் பூஜ்யம், இழுவை மட்டும் குறையவில்லை. அந்த இழுவைக்கு ஈடாக இஞ்சின் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 22 வினாடி நிற்பதற்கு, வேகத்தில் வினாடிக்கு 36 மீட்டர் மாற்றம் செய்ய ஆகும் எரிபொருளைக் கொடுத்தாக வேண்டும். ஒரு அங்குலம்கூட நகராமல்! அப்படியும் அந்தச் செலவைச் செய்யத் துணிந்தார்கள், பள்ளத்தின் விளிம்பில் கால் வைப்பதைவிட அது மேல்.

கடைசியில் கால்கள். வினாடிக்கு 2 மீட்டர் என்று இருந்த தாங்குதிறனை 3 மீட்டராக உயர்த்தினார்கள். வேகத்தில் ஒன்றரை மடங்கு என்றால், கால்கள் உள்வாங்க வேண்டிய ஆற்றலில் இரண்டேகால் மடங்கு. இந்த 3 மீட்டர் வேகம் நிலவில் 2.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், நம் ஊரில் அரை மீட்டருக்கும் குறைவு. இவற்றைச் சோதிக்க நிலவின் மண் வேண்டுமே. நிலவின் மேட்டுப்பகுதியில் உள்ள அனார்த்தோசைட் பாறை, நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அதை அடையாளம் காட்டினார்கள். சந்திரயான்-2 காலத்திலேயே அதை அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பிப் பரப்பினார்கள். நிலவில் கால்வைத்துப் பழகியது கொங்கு மண்ணில் என்று சொல்லிக்கொள்வதில் தமிழர்கள் பெருமைப்படலாம்.

மாலை 6.04-க்கு விக்ரம் தரையைத் தொட்டது. உலகமே பார்த்த காட்சி அது. அதைவிடச் சிறப்பான, ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு காட்சி செப்டம்பர் 3-ல் நடந்தது. சாய்தளத்தையும், மண்ணின் வெப்பத்தை அளக்கும் கருவியையும், நில அதிர்வுக் கருவியையும் மடக்கிக்கொண்டு, விக்ரம் தன் இஞ்சின்களை மீண்டும் ஒருமுறை எரித்தது. சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, 30-40 சென்டிமீட்டர் தள்ளிப் போய் மறுபடி பத்திரமாக உட்கார்ந்தது. பிறகு எல்லாக் கருவிகளையும் திரும்ப விரித்தது.

நாற்பது சென்டிமீட்டர் என்றால் நம் முழங்கால் அளவு. ஒரு கல்லை நிலவில் அந்த உயரத்துக்கு எறிய வினாடிக்கு 1.14 மீட்டர் வேகம் போதும், ஒன்றரை வினாடி அளவுக்கு அது மேலே இருக்கும். பெங்களூரில் அதே வேகத்தில் எறிந்தால் ஏழு சென்டிமீட்டர்கூட எழும்பாமல், கால் வினாடிக்குள் விழுந்துவிடும். ஆனால் இங்கே முக்கியம் உயரம் அல்ல. இறங்கவென்றே கட்டிய ஒரு கலம், பத்து நாள் வெயிலில் காய்ந்த பிறகு, மறுபடி எழும்பியது என்பதுதான் செய்தி. நிலவுக்குப் போகிறவர்களும் அங்கிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவருகிறவர்களும் திரும்பி வர வேண்டுமானால் முதலில் செங்குத்தாக எழும்பத் தெரிய வேண்டும்.

நிலவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தக் கலத்தின் மேல்பகுதி நிலவின் தரையிலிருந்து கிளம்பிச் சுற்றுப்பாதையைப் பிடிக்க, வினாடிக்கு ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். விக்ரம் இறங்கும்போது எரித்துத் தீர்த்த அதே வேகம்.